நாலாவது வருஷம் யார் பார்த்துக்கொள்வது? தொழில்நுட்ப நிறுவனங்களின் சிஎஸ்ஆர் பணம் நம் ஊருக்கு வரும் வழி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் 2018 முதல் சில வருடங்கள் கணக்கு எழுதினேன். மார்ச் மாதம் மூன்றாவது வாரம் வந்துவிட்டால் அலுவலகத்துக்கு ஒரு போன் வரும். சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் ஏதாவது மென்பொருள் நிறுவனத்தின் அதிகாரி பேசுவார். "சார், முப்பத்தொன்னாம் தேதிக்குள்ள ஒரு பன்னெண்டு லட்சம் செலவு பண்ண முடியுமா? ஏதாவது கவர்ன்மெண்ட் ஸ்கூலுக்கு ஸ்மார்ட் போர்டு, கம்ப்யூட்டர்னு பில் வந்துட்டா போதும்."

பத்து நாளில் பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்க முடிந்தது பொருள் மட்டும்தான். கம்ப்யூட்டர் வாங்கலாம், போர்டு வாங்கலாம், அதன் மேல் ஒட்ட நிறுவனத்தின் பெயர்ப் பலகை வாங்கலாம். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளைத் தேடிப் பிடித்துப் பழக்கி உட்காரவைப்பது பத்து நாளில் நடக்கிற காரியம் இல்லை. நம் பக்கத்து அரசுப் பள்ளிகள் பலவற்றில் உறை பிரிக்காத திரைகளும், பேட்டரி செத்த யூபிஎஸ்களும் கிடப்பதற்கு இந்த மார்ச் மாதப் போன் ஒரு முக்கியமான காரணம். அந்தப் போன் ஏன் வருகிறது என்று விளங்கிவிட்டால், நிறுவனச் சமூகப் பொறுப்பு, சுருக்கமாக சிஎஸ்ஆர், என்ற ஏற்பாடு முழுவதுமே விளங்கிவிடும்.

சிஎஸ்ஆர் என்றால் நம் ஊரில் பலருக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததும் தருகிற ரசீதுதான் ஞாபகம் வரும். நான் சொல்வது வேறு. 2013ஆம் வருடத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு சொல்லும் கடமை இது. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் ஒரு நிறுவனத்தின் நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ இருந்தால், இந்த மூன்றில் ஒன்று பொருந்தினாலே போதும், அந்த நிறுவனம் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். கடைசியாக முடிந்த மூன்று நிதியாண்டு லாபத்தின் சராசரியில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஒரு நிறுவனம் மூன்று வருடத்தில் 40, 50, 60 கோடி லாபம் பார்த்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 50 கோடி, அதில் 2 சதவீதம் 1 கோடி. எதற்கெல்லாம் செலவிடலாம் என்பது சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. கல்வி, சுகாதாரம், தொழிற்பயிற்சி, சுற்றுச்சூழல், கிராம மேம்பாடு, பேரிடர் உதவி என்று அது நீளமான பட்டியல்.

ஆரம்பத்தில் இந்தக் கடமை கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. செலவு செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று ஆண்டறிக்கையில் காரணம் எழுதினால் போதும். 2021 ஜனவரி 22 அன்று அது மாறியது. இப்போது செலவாகாத பணத்தை நிறுவனம் தன் கையில் வைத்திருக்க முடியாது. நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் பிரதமரின் தேசிய நிவாரண நிதி மாதிரி, அட்டவணையில் சொல்லியிருக்கும் ஒரு நிதிக்கு அதைக் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் அந்தத் தொகையைப்போல இரண்டு மடங்கு அல்லது 1 கோடி ரூபாய், இவற்றில் எது குறைவோ அது அபராதம். பொறுப்பான அதிகாரிக்குத் தனி அபராதமும் உண்டு. அப்புறம் மார்ச் மாதத்தில் போன் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அதே சட்டத்தில் அவசரப்படாமல் இருக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். 'தொடர் திட்டம்' என்று ஒன்று உண்டு. ஒரு வேலையைப் பல வருடத் திட்டமாக நிறுவனத்தின் இயக்குநர் குழு ஏற்றுக்கொண்டால், தொடங்கிய வருடம் போக இன்னும் மூன்று வருடம் வரை அதை நடத்தலாம். மார்ச் 31க்குள் செலவாகாத பணத்தை 30 நாளுக்குள் ஒரு தனி வங்கிக் கணக்கில் போட்டுவைத்து, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம். ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு வேரூன்ற அந்தக் காலம் போதும். ஏப்ரலிலேயே உட்கார்ந்து திட்டம் போட்ட நிறுவனம் இந்த வழியில் போகும். பிப்ரவரியில் விழித்துக்கொண்ட நிறுவனம் ஸ்மார்ட் போர்டு வாங்கும். என் கணக்குப் புத்தகத்தில் எந்த நிறுவனம் எந்த ரகம் என்பது பில் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். இது சரியாகத் தெரியாததால் நம் பக்கம் நிறையத் திட்டங்கள் கெட்டுப்போயிருக்கின்றன. "நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது, அதனால் சம்பளம் கேட்காதீர்கள்" என்று நிறுவனத்தார் சொல்வார்கள். நாங்களும் பல வருடம் அதை அப்படியே நம்பினோம். விதியை எடுத்துப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அந்த 5 சதவீத வரம்பு, நிறுவனம் தன்னுடைய சிஎஸ்ஆர் பிரிவை நடத்துவதற்கு ஆகும் பொதுச் செலவுக்கு மட்டும்தான். ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அந்த வரம்புக்குள் வராது. பாகூர் பக்கத்துக் கிராமத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் பெண்ணுக்குத் தரும் மாதச் சம்பளம் திட்டச் செலவு. யூபிஎஸ் பேட்டரி மாற்றுவதும் திட்டச் செலவு. சட்டம் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத் தடை போடவில்லை. பொருளைப் படம் எடுத்து அறிக்கையில் போடுவது சுலபம், ஆள் செய்த வேலையைப் படம் எடுப்பது கஷ்டம். இந்தப் பழக்கம்தான் சட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு நடக்கிறது.

சரி, நிறுவனத்துக்குள் இது எப்படி நடக்கிறது? இயக்குநர் குழுவிலிருந்து சிலரைக் கொண்டு ஒரு சிஎஸ்ஆர் குழு அமைக்க வேண்டும். செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் தனிக் குழு தேவையில்லை, இயக்குநர் குழுவே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் குழு வருடத் திட்டம் ஒன்றை எழுதித் தர வேண்டும். எந்தப் பணி, யார் நடத்துவது, பணம் எப்போது போகும், யார் கண்காணிப்பது என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். கொடுத்த பணம் சொன்ன வேலைக்குத்தான் போனது என்று தலைமை நிதி அதிகாரி சான்று தர வேண்டும். அதனால்தான் அவர்கள் எங்களிடம் பயன்பாட்டுச் சான்று கேட்டு நச்சரிப்பார்கள். அதில் தப்பில்லை. சராசரியாக 10 கோடியோ அதற்கு மேலோ சிஎஸ்ஆர் கடமை உள்ள பெரிய நிறுவனங்கள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களை, முடிந்து ஒரு வருடம் ஆன பிறகு, வெளியாட்களை வைத்து மதிப்பீடு செய்ய வேண்டும். எங்கள் மாதிரி 12 லட்சம், 20 லட்சம் திட்டங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போர்டு மாட்டி ஒரு வருடம் கழித்து அது ஓடுகிறதா என்று வந்து பார்க்க யாருக்கும் சட்டப்படி கடமை கிடையாது.

நடத்தித் தரும் அமைப்புக்கும் நிபந்தனைகள் உண்டு. சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் டிரஸ்டோ சங்கமோ என்றால் வருமான வரிச் சட்டப்படி தொண்டு அமைப்புகளுக்குத் தரும், 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் வரிச் சலுகைப் பதிவுகளும், இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் வேண்டும். பணம் தவறான கைக்குப் போகாமல் இருக்க இது தேவைதான். ஆனால் தேவனாம்பட்டினத்தில் நன்றாக வேலை செய்யும் ஒரு மீனவர் மகளிர் குழுவுக்கு இந்தக் காகிதங்கள் எதுவும் இருக்காது. அதனால் பணம் சென்னையில் இருக்கும் பெரிய அமைப்புக்குப் போய், அங்கிருந்து ஒரு ஆள் மாதம் ஒரு தடவை ஈசிஆரில் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

எது கணக்கில் சேராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனம் தன் ஊழியர்களின் நலனுக்காக மட்டும் செய்வது சேராது. விளம்பரத்துக்காகத் தரும் ஸ்பான்சர் பணம் சேராது. வேறு சட்டத்தின்படி எப்படியும் செய்தாக வேண்டிய வேலை சேராது. கம்ப்யூட்டர் தயாரிக்கும் நிறுவனம் மின்கழிவு விதிகளின்படி பழைய கருவிகளைத் திரும்பப் பெறும் ஏற்பாடு செய்தால், அது அதன் கடமை, சமூகப் பொறுப்பு ஆகாது. அலுவலகத்தில் கழித்துப்போட்ட நாற்பது கம்ப்யூட்டரைப் பள்ளிக்குத் தந்துவிட்டு அதற்கு ஒரு விலை போட்டுக் கணக்கில் எழுதவும் முடியாது. ஊழியர்கள் சனிக்கிழமை வந்து பாடம் நடத்தினால் அந்த நேரத்துக்கு ரூபாய் மதிப்புப் போட்டுச் சேர்க்கவும் முடியாது. ஏமாற்று நடக்காமல் இருக்க இந்தத் தடை நல்லதுதான். ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தொழில்நுட்ப நிறுவனத்திடம் இருப்பதிலேயே விலைமதிப்பு உள்ளது அதன் ஆட்களின் அறிவும் நேரமும். சட்டத்தின் தராசில் அது எடை இல்லாமல் போகிறது. கணக்கில் வராவிட்டாலும் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் வந்த பள்ளிகளில் பிள்ளைகள் பேசும் விதமே மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடலூருக்கு இந்தப் பணம் ஏன் குறைவாக வருகிறது? நிறுவனம் தான் இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நெய்வேலியில் சுரங்கம் வெட்டும் நிறுவனத்துக்கு உள்ளூர் எது என்று கேட்கவே வேண்டாம். சிப்காட்டில் புகை விடும் ரசாயன ஆலைக்கும் அப்படித்தான். மென்பொருள் நிறுவனத்துக்கு உள்ளூர் எது? அலுவலகம் இருக்கும் சோழிங்கநல்லூரா, ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்யும் பண்ருட்டியா, வாடிக்கையாளர் இருக்கும் வெளிநாடா? இணையவழித் தொழில்கள் வந்த பிறகு உள்ளூர் என்று வரையறுப்பது கடினம், இந்த முன்னுரிமை ஒரு வழிகாட்டுதல்தான் என்று மத்திய கம்பெனிகள் விவகார அமைச்சகமே விளக்கம் தந்திருக்கிறது. பின்தங்கிய மாவட்டங்களைக் கைதூக்கிவிட மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று அறிவித்த பட்டியலிலும் தமிழகத்திலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும்தான் இருக்கின்றன, கடலூர் இல்லை. தானே புயலும், 2015 வெள்ளமும், 2024இல் ஃபெஞ்சலும் அடித்த மாவட்டம் அலுவலகமும் இல்லாமல் பட்டியலும் இல்லாமல் நடுவில் நிற்கிறது.

புதுச்சேரியின் கதை கொஞ்சம் வேறு. வரிச் சலுகையை நம்பி எச்சிஎல், விப்ரோ மாதிரி நிறுவனங்கள் ஒரு காலத்தில் இங்கே பாகங்களைப் பொருத்திக் கம்ப்யூட்டர் தயாரித்தன. லெனோவோவின் ஆலை இன்றும் ஓடுகிறது. ஆனால் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு திட்டத்தை எடுத்துப்போனால் முள்ளோடையைத் தாண்டியதும் எல்லாம் மாறும். கல்வித்துறை வேறு, அனுமதி வாங்கும் அலுவலகம் வேறு. பாடத்திட்டமே வேறாகிவிட்டது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்த புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியபோது, நாங்கள் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருந்த பாட வீடியோக்கள் ஒரே கோடை விடுமுறையில் பயனற்றுப்போயின. கொடுத்த நிறுவனத்துக்கு அது தெரியவே தெரியாது. அவர்கள் கணக்கில் அந்தத் திட்டம் நல்லபடியாக முடிந்திருந்தது.

நல்லபடியாக நடந்ததற்கும் இதே புதுச்சேரியில்தான் உதாரணம் இருக்கிறது. சிஎஸ்ஆர் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பு நடந்தது. 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஒரு வளர்ச்சி ஆராய்ச்சி அமைப்பின் நிதியோடு, வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசி சரியாக எட்டாத ஊர்களை வயர்லெஸ் மூலம் இணைத்தார்கள். கிராமத்து ஆட்களே, அதிலும் பெண்கள், மையத்தை நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, கரையில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கட்டுமரத்தில் போகிறவருக்கு அது அன்றாடம் தேவைப்பட்ட செய்தி.

நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்துக்கு ஓடி, ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். சுமார் 3600 பேர் இருந்த அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. படகும் வீடும் போயின. அதே காலையில் கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கும் மேல் இறந்தார்கள்.

அந்த ஒலிபெருக்கி விலை உயர்ந்த கருவி இல்லை. தினமும் பயன்பட்டதால் அன்றைக்கும் வேலை செய்தது. யாரிடம் சாவி, எந்த சுவிட்ச் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. சுனாமி எச்சரிக்கைக்காகவே ஒரு கருவியை வாங்கி 2001இல் ஒரு அறையில் வைத்துப் பூட்டியிருந்தால், 2004இல் கடல் காற்றில் துருப்பிடித்துத்தான் கிடந்திருக்கும். எந்தத் திட்ட அறிக்கையைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: சாதாரண செவ்வாய்க்கிழமை அன்று அந்தக் கருவியை யார் தொடுவார்கள்?

இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக ஒரு தொழில்நுட்ப நிறுவனமும் சரியான இடத்தில் வந்து சேர்ந்தது. மொபைல் சிப்புகளை வடிவமைக்கும் குவால்காம் நிறுவனத்தின் வயர்லெஸ் ரீச் என்ற சமூகத் திட்டம், சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து மீனவர்களுக்கான மொபைல் செயலியை உருவாக்கியது. அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி, சர்வதேச எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை என்று தமிழிலேயே தருகிறது. தகவலைக் கொடுப்பது ஹைதராபாத்தில் இருக்கும் தேசியக் கடல் தகவல் சேவை மையம். செயலியை உருவாக்குவது நிறுவனத்துக்குத் தெரியும், மீனவரோடு உட்கார்ந்து பேசுவது தொண்டு அமைப்புக்குத் தெரியும், தகவல் அரசிடம் இருக்கிறது. மூவரும் அவரவருக்குத் தெரிந்ததைத் தந்தார்கள். டிசிஎஸ் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய முதியோர் எழுத்தறிவுத் திட்டமும் இந்த வகைதான். எழுத்து எழுத்தாக இல்லாமல் சொல்லின் உருவத்தைப் படத்தோடு பழக்கும் மென்பொருள் அது, தமிழிலும் உண்டு. சுமார் 50 மணி நேரப் பயிற்சியில் செய்தித்தாளின் எளிய வரிகளைப் படிக்க வைப்பது இலக்கு. இந்திய மென்பொருள் துறையின் முன்னோடி எஃப்.சி.கோலி அதற்குப் பின்னால் இருந்தார்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களோடு வேலை செய்யும் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையைப் பலர் விப்ரோவின் சிஎஸ்ஆர் என்று நினைக்கிறார்கள். அது விப்ரோவைப் பெரிதாக வளர்த்த பிரேம்ஜி தன் சொந்தச் செல்வத்தைக் கொடுத்து நடத்துவது. அதற்கு 2 சதவீதக் கணக்கு இல்லை, மார்ச் 31 இல்லை. அதனால்தான் ஒரே ஊரில் வருடக்கணக்காக உட்கார்ந்து ஆசிரியர் பயிற்சி மாதிரி மெதுவான வேலையைச் செய்ய முடிகிறது.

நம் பக்கத்து மென்பொருள் நிறுவனங்களில் பெரும்பாலானவை சிறியவை, 5 கோடி லாப வரம்புக்குள் வராதவை. சட்டம் அவர்களை ஒன்றும் கேட்காது. ஆனால் லாஸ்பேட்டையில் இருபது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம், பக்கத்துப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையை மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்து, பழுது நீக்கி, வைரஸ் துடைத்துக் கொடுத்தால், பெங்களூரிலிருந்து வரும் பன்னிரண்டு லட்சத்தைவிட அந்தப் பள்ளிக்கு அது பெரிசு.

தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் மூலமும் நிறுவனங்கள் அரசுப் பள்ளிக்கு நேரடியாகத் தரலாம். எந்த நிறுவனம் எந்த மாநிலத்தில் எவ்வளவு செலவிட்டது என்பதை மத்திய அரசின் தேசிய சிஎஸ்ஆர் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிறுவனங்கள் தங்கள் திட்டங்களைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் விதி. பணத்தை ஏற்கும் முன் தலைமையாசிரியர் இதைப் படித்துப் பார்ப்பது நல்லது. அப்புறம் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்: இது தொடர் திட்டமா, ஒரு வருடத் திட்டமா? சொல்லிக்கொடுக்கும் ஆளின் சம்பளம் பட்ஜெட்டில் இருக்கிறதா? பேட்டரி, மின்கட்டணம், இணையக் கட்டணம் யார் தலையில்? ஒப்பந்தம் முடிந்த பிறகு பொருள் யார் பெயரில் இருக்கும்? இலவசமாகத் தருகிறவரிடம் இதெல்லாம் கேட்கலாமா என்று நம் ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். இது தானம் இல்லை. சட்டப்படி செலவாக வேண்டிய பணம், அது நன்றாகச் செலவாவதில் அந்த நிறுவனத்துக்கும் அக்கறை இருக்க வேண்டும்.

தென்பெண்ணைக் கரையில் ஒரு பள்ளிக்கு நாங்கள் தொடர் திட்டமாகக் கம்ப்யூட்டர் அறை அமைத்துக் கொடுத்திருந்தோம். அந்த ஊர்ப் பெண் ஒருவரே பயிற்சி எடுத்துக்கொண்டு வகுப்பு நடத்திவந்தார். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் மழைக்குப் பின் சாத்தனூர் அணை திறந்து ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று தெரிந்ததும், யாரும் சொல்லாமலே அவர் தன் தம்பியையும் மூன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், பதினான்கு கம்ப்யூட்டரையும் மாடிக்கு ஏற்றிவிட்டார். கீழறையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மறுவாரம் நான் போனபோது ஒயரை எல்லாம் கொடியில் துணி மாதிரிக் காயப்போட்டிருந்தார். "சார், யூபிஎஸ் மட்டும் தூக்க முடியல, ரொம்ப கனம். அடுத்த பட்ஜெட்ல பேட்டரிக்கு எழுதிடுங்க" என்றார். எழுதினேன்.